நாற்பது தாண்டிக் குடும்பத்தோடு வெளிநாடு: விண்ணப்பம் ஒன்று, போகிறவர்கள் நால்வர்

கேள்வி இது: "எனக்கு 42 வயது, மனைவிக்கு 38. இருவருக்கும் முதுகலைப் பட்டம், நல்ல வேலை. மகனுக்கு 14, மகளுக்கு 7. அப்பா அம்மா எழுபதைத் தொட்டவர்கள், எங்களோடுதான் இருக்கிறார்கள். கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாமா, அல்லது காலம் கடந்துவிட்டதா?"

காலம் கடக்கவில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அதிலும் உங்களுக்கு இருக்கும் நேரம் வேறு, உங்கள் மகனுக்கு இருக்கும் நேரம் வேறு.

நான் 41 வயதில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கனடாவுக்கு வந்தவன். வந்த சில வருடங்களிலிருந்து, புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வேலை தேடுவது வரை கூடவே நின்று உதவி வருகிறேன். நன்றாக வேரூன்றிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டே வருடத்தில் திரும்பியவர்களையும், திரும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நிலைத்தவர்களிடம் நான் கண்ட பொதுவான விஷயம் ஒன்றே. விசா ஒரே கோப்பில் வந்தாலும், அந்தக் கோப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் குடியேறுகிறார்கள் என்று புறப்படும் முன்பே புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

முதலில் சட்டம், ஏனென்றால் அங்கே கணக்கு ஈவு இரக்கமில்லாதது. திறன் உள்ளவர்களைப் புள்ளி போட்டுத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. அதில் துணையோடு விண்ணப்பிக்கிறவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு 100 புள்ளி. 35 வயதில் அது 70, 40 வயதில் 45. அதன் பிறகு 44 வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பத்துப் புள்ளி போகும். 45 ஆனால் ஒன்றும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் 189, 190, 491 ஆகிய திறன் விசாக்களில், விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளில் 45 நிறைந்திருக்கக் கூடாது. அங்கே 33 முதல் 39 வரை 25 புள்ளி, 40 முதல் 44 வரை 15. நியூசிலாந்து தன் திறன் பிரிவில் 55 வயது வரை ஏற்கிறது. ஜெர்மனி 2024 ஜூனில் கொண்டுவந்த வேலைதேடல் அட்டையில் 35க்குக் கீழே இருந்தால் இரண்டு புள்ளி, 40 வரை ஒன்று, அதற்கு மேல் இல்லை. 45 தாண்டி அங்கே முதன்முறையாக வேலைக்குப் போகிறவர் குறிப்பிட்ட அளவு சம்பளமோ போதிய ஓய்வூதிய ஏற்பாடோ காட்ட வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். கனடா முறையில் உங்கள் 42க்கு 25 புள்ளி. உங்கள் மனைவியின் 38க்கு 55. அவரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்தாலே 30 புள்ளி வித்தியாசம். இதை நான் சொல்லும்போது பல ஆண்களின் முகம் ஒரு நொடி மாறும். வீட்டின் பெரிய முடிவு தன் பெயரில்தான் போக வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. எங்கள் விண்ணப்பம் என் மனைவியின் பெயரில்தான் போனது. அவர் பெயரில் போட்டிராவிட்டால் இன்று நாங்கள் இங்கே இல்லை. இருவரும் மொழித் தேர்வு எழுதுங்கள், இருவரின் பட்டங்களையும் மதிப்பீடு செய்து வாங்குங்கள், இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள்.

மொழித் தேர்வைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதில் இழந்ததை மீட்கிற முக்கியமான இடம் அது. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால், கனடாவின் மொழி அளவுகோலான சிஎல்பியில் 9 என்ற நிலை கிடைக்கும். முதுகலையும் மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டு அனுபவமும் உள்ளவர், மற்ற மூன்றிலும் தேறிவிட்டு, கேட்டலில் மட்டும் 7.5 வாங்கினார் என்று வையுங்கள். அந்த அரைப் புள்ளியால் மொழிக்கான 7 புள்ளியும், படிப்போடும் அனுபவத்தோடும் மொழியைச் சேர்த்துத் தரும் 50 புள்ளியும் போய்விடும். மொத்தம் 57. ஐந்து பிறந்தநாளில் இழப்பதைவிட அதிகமாக ஒரே பிற்பகலில் இழக்கிறார். 7.5 வாங்கிவிட்டு "போதும்" என்று நின்றவர்களை எத்தனையோ முறை மறுபடியும் எழுத அனுப்பியிருக்கிறேன். முடிவு இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் மிகவும் முன்கூட்டியே எழுதுவதும் வீண். பிரெஞ்சு கற்க மனமிருந்தால் இன்னும் நல்லது. 2023 முதல் கனடா பிரெஞ்சு தெரிந்தவர்களையும் மருத்துவம், கைத்தொழில் போன்ற சில துறையினரையும் தனிப் பிரிவாக அழைக்கிறது.

அதேபோல், வேலை ஆஃபர் வாங்கித் தருகிறோம், புள்ளி ஏறும் என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஆஃபருக்கான கூடுதல் புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்று கனடா எடுத்துவிட்டது. கன்சல்டன்ட் வைப்பதென்றால் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று நீங்களே உரிமம் தரும் அமைப்பின் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பதிவேடு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

மாணவர் விசாவில் போய்க் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் வயதில் அதை நான் ஆதரிப்பதில்லை. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் ஆராய்ச்சிப் படிப்புகள் தவிர்த்து மற்ற மாணவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை அழைத்துவர முடியாது. கனடாவில் 2025 ஜனவரி முதல், 16 மாதமாவது நீளும் முதுகலை, முனைவர் பட்டம், சில தொழில்முறைப் படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைக்குத்தான் திறந்த வேலை அனுமதி. ஒரு வருட டிப்ளமோவுக்குச் சேமிப்பைக் கொட்டிவிட்டு, துணை வேலை செய்ய முடியாமல், படிப்பு முடிந்ததும் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைக்குமா என்று காத்திருப்பதை 25 வயதுக்காரர் தாங்குவார். இரண்டு பிள்ளைகளோடு நாற்பதில் இருப்பவருக்கு அது பெரிய சூதாட்டம்.

விண்ணப்பத்தில் ஒருவரையும் மறைக்காதீர்கள், கூட வராதவரையும் கூட. கனடாவில் குடியேறும்போது காட்டாமலும் மருத்துவப் பரிசோதனை செய்யாமலும் விட்ட துணையையோ பிள்ளையையோ பின்னால் குடும்பப் பிரிவில் அழைப்பது பெரும்பாலும் நடக்காது. ஆஸ்திரேலியாவிலோ, குடும்பத்தில் ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தவறினாலும் பல விசாக்களில் எல்லோருக்கும் மறுப்பு. யாருக்காவது நீண்டகால உடல்நலக் குறை இருந்தால் பணம் கட்டும் முன்பே இதைப் பற்றி உரிமம் உள்ளவரிடம் பேசிவிடுங்கள்.

இனி உங்கள் மகன். உண்மையில் உங்கள் கேள்வியின் மையம் அவன்தான். "பிள்ளைகளுக்காகத்தான் போகிறோம்" என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். மகளைப் பொறுத்தவரை அது சரி. ஏழு வயதுக் குழந்தை ஒரு வருடத்துக்குள் வகுப்பில் கலந்துவிடும். பதினாலு வயதுப் பையன் நண்பர்கள், மொழி, தனக்கென்று சம்பாதித்த ஒரு பெயர் ஆகிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறான். அந்த வயதில் அவனுக்கு இருப்பதே அவ்வளவுதான்.

டொரொண்டோவில் பணியாற்றிய கல்வியியல் அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். புதிய மொழியில் பேசிப் பழகும் திறன் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்தை அலசி எழுதும் அளவுக்கு மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். மைதானத்தில் சரளமாகப் பேசும் பையன் வரலாற்றுப் பாடத்தில் ஏன் தடுமாறுகிறான் என்று பெற்றோர் குழம்புவது இதனால்தான். ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு இந்தத் தூரம் குறையும், முழுதாக மறையாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளி முடிக்க 30 பாடக் கிரெடிட் வேண்டும், பல்கலைக்கழகங்கள் 12ஆம் வகுப்பின் ஆறு பாடங்களைப் பார்த்துத்தான் இடம் தருகின்றன. பதினாறில் வந்து இறங்கும் மாணவனுக்கு மூச்சு விட இடமில்லை.

நீங்கள் இன்று தொடங்கினாலும் தேர்வு, மதிப்பீடு, அழைப்பு, பிஆர் என்று போய் இறங்கும்போது அவனுக்கு அந்த வயதுதான் ஆகியிருக்கும். அவன் பள்ளி முடிக்கும் வரை விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தால் உங்கள் மனைவியின் வயதுப் புள்ளி 55லிருந்து 25க்கு இறங்கிவிடும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலர் அதை யோசிப்பதே இல்லை. கனடாவில் 22 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளை சார்ந்தவராகவே கணக்கில் வரும், விண்ணப்பம் சேர்ந்த நாளின் வயதுதான் எண்ணப்படும். பிஆர் வந்தபின் அதைத் தக்கவைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள். பிஆர் வந்ததும் நால்வரும் ஒருமுறை போய் இறங்கிப் பதிவு செய்துவிட்டுத் திரும்புங்கள். இங்கே எல்லோரும் இதை சாஃப்ட் லேண்டிங் என்பார்கள். அதன்பின் ஒருவர் முன்னே போய் வேலையும் வீடும் தேடலாம், மகன் தன் பள்ளியைத் தன் நண்பர்களோடு முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு உள்நாட்டுக் கட்டணத்தில் வரலாம். குடும்பம் ஓரிரு வருடம் பிரிந்திருக்க நேரிடும், அது சின்ன விஷயமில்லை. குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் அங்கே இருக்க வேண்டும் என்பதால் அதுவும் தள்ளிப்போகும். இருந்தாலும் பதினாறு வயதுப் பையனைப் பாதியில் பிடுங்கி நடுவதைவிட இது மேல் என்று நான் நம்புகிறேன். இப்படிப் பள்ளியை முடித்துவிட்டு வர என் மகனுக்கு நான் இடம் தரவில்லை.

வேலைக்கு வருகிறேன். குடியேறிகளின் தொழில் பாதை ஆங்கில 'யு' எழுத்து வடிவில் போகும் என்று பொருளியலாளர் பாரி சிஸ்விக் நெடுங்காலமாக எழுதினார். முதலில் சறுக்கல், பிறகு மெல்ல ஏற்றம். ஏற்கெனவே உயரத்தில் நிற்பவருக்குச் சறுக்கலும் ஆழமாக இருக்கும். நாற்பது வயதில் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த உயரத்தில் இருப்பவர்கள்தான். முப்பது பேர் கொண்ட குழுவை நடத்திக்கொண்டிருந்த நான், முதல் பதினொரு மாதம் ஒரு வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். உடல் வலி பழகிவிட்டது. காலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போது மகன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்து போவோம். அதுதான் பழகவே இல்லை. உள்ளூர் அனுபவம் இல்லை என்பார்கள், அல்லது இந்த வேலைக்கு உங்கள் தகுதி அதிகம் என்பார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் வரும். ரெஸ்யூமேயில் கடைசிப் பத்து வருடத்தை மட்டும் வையுங்கள். வயது, புகைப்படம், குடும்ப விவரம் எதுவும் வேண்டாம். பழைய பதவிக்கு ஒரு படி, இரண்டு படி கீழே உங்கள் துறையிலேயே வேலை கிடைத்தால் சம்பளம் பார்க்காமல் ஏறிக்கொள்ளுங்கள். துறைக்கு வெளியே, பிழைப்புக்காகப் பார்க்கும் சர்வைவல் ஜாபில் இரண்டு வருடம் கழிந்தால் திரும்பி வருவது கடினம். ஒரு வருடச் செலவுக்கான பணத்தோடு வாருங்கள், சொந்த வீடு இருந்தால் முதல் இரண்டு வருடம் விற்காதீர்கள். அந்த வீடு இருக்கிறது என்ற நினைப்பே நேர்முகத் தேர்வில் உங்கள் குரலை நிதானமாக வைக்கும்.

உங்கள் மனைவியின் தொழில் எது என்று நீங்கள் எழுதவில்லை. அவர் ஆசிரியர், செவிலியர், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற உரிமம் வேண்டிய துறையில் இருந்தால், குடியேற்றத்துக்காக வாங்கும் பட்ட மதிப்பீடு வேலை செய்வதற்கான உரிமம் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து வந்து இறங்கியபின் உடைந்துபோனவர்கள் ஏராளம். கனடாவில் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு அமைப்பின் கையில் இருக்கிறது. எந்த மாகாணம் என்று முடிவெடுப்பதற்கு முன்பே அந்த அமைப்புக்கு எழுதி, எத்தனை தேர்வு, எவ்வளவு காலம் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பதினைந்து வருடம் வகுப்பறையில் நின்ற ஒருவர் "பிள்ளைகள் செட்டில் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார், அந்த "அப்புறம்" வராது. யார் பெயரில் விசா வந்ததோ அவரே வேலையில்லாமல் இருக்கும் வீடுகளையும் நான் பார்க்கிறேன்.

ஓய்வூதியத்தை இந்த வயதில் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய வயதே இதுதான். கனடாவின் முதியோர் ஓய்வூதியம் 18 வயதுக்குப் பின் அங்கே வாழ்ந்த வருடங்களைப் பார்க்கிறது. குறைந்தது 10 வருடம், முழுத் தொகைக்கு 40 வருடம். 44 வயதில் இறங்கினால் 65ல் உங்களுக்கு 21 வருடம், அதாவது நாற்பதில் 21 பங்கு. பிறகு நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்துகொண்டே அதைத் தொடர்ந்து பெற 20 வருட வாசம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 67 வயது, 10 வருட வாசம், அதோடு வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். ஜெர்மனியில் 5 வருடம், அமெரிக்காவில் 10 வருடம் பங்களித்திருந்தால் கதவு திறக்கும். நீங்கள் விட்டுச் செல்லும் நாட்டோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால் வருடங்களைச் சேர்த்துக் கணக்கிடவும் இடமுண்டு. பழைய வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.

அப்பா அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதிகம் வலிக்கும் இடம் என்பதால். கனடாவில் சூப்பர் விசா இருக்கிறது. பத்து வருடம் வரை செல்லும், 2022 முதல் ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதிகக் கட்டணம் கட்டாத பெற்றோர் விசாவுக்கான வரிசை சுமார் 30 வருடம் நீள்கிறது. எழுபது வயதுக்காரருக்கு அதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களை அழைத்து வந்தாலும், பேச ஆளில்லாத குளிர்கால வீட்டில் அவர்கள் எத்தனை மாதம் இருப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

குடும்ப சிகிச்சை நிபுணர் பாலின் பாஸ் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: தெளிவற்ற இழப்பு. ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் அருகில் இல்லை. துக்கம் அனுசரிக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. என் அப்பா படுக்கையில் விழுந்த இரவு எனக்கு விடுப்பு இல்லை, டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால் நான் உதவும் ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்கிறேன்: ஒருவர் உடனே போய்வரும் டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், வாடகைக்குக்கூட அதைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட்டும் பிஆர் அட்டையும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் மருத்துவர் யார், மருந்து எது, நள்ளிரவில் அழைத்தால் யார் ஓடுவார் என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிவையுங்கள். உடன்பிறந்தவர் ஒருவர் அங்கே இருந்து பார்த்துக்கொண்டால், அவர் சுமப்பது என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், செலவில் பெரிய பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்களும் மனைவியும் ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிய நாளிலிருந்து 24 மாதம். அதுவரை "திரும்பிவிடலாமா" என்ற கேள்வியை ஒவ்வொரு மோசமான இரவிலும் எழுப்பாதீர்கள், அந்தத் தேதியில் கட்டாயம் உட்கார்ந்து எழுப்புங்கள். முதல் சில மாதங்கள் எல்லாம் புதுமையாக இருக்கும். அதன் பிறகு வரும் குளிர்காலத்தில்தான் பெரும்பாலான சண்டைகள் நடக்கின்றன. அந்தச் சண்டையில் எடுக்கும் முடிவு நாட்டைப் பற்றியதாக இருக்காது, அன்றைய களைப்பைப் பற்றியதாக இருக்கும்.

என் மகனுக்கு இப்போது நல்ல வேலை, நல்ல வாழ்க்கை. 13 வயதில் கூட்டி வந்தேன். சில வருடத்துக்கு முன் ஒரு நீண்ட கார்ப் பயணத்தில் அவனாகவே சொன்னான்: "வந்தது தப்பில்லப்பா. ஆனா என்னை யாரும் கேக்கவே இல்ல." நான் பதில் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்கு ஐஇஎல்டிஎஸ் தேதி வாங்குவதற்கு முன்னால், உங்கள் மகனைத் தனியாக எங்காவது கூட்டிப் போய்க் கேளுங்கள். சம்மதம் வாங்குவதற்காகக் கேட்காதீர்கள், அவன் எதை இழக்க விரும்பவில்லை என்று தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். அவன் சொன்னதை எழுதுங்கள். அவன் உடனே வர விரும்புகிறானா, பள்ளி முடித்துவிட்டு வர விரும்புகிறானா என்பதைப் பொறுத்து எந்த மாகாணம், யார் முன்னே போவது, எப்போது இறங்குவது என்பதெல்லாம் மாறும். அதை வைத்து மீதியைப் பேசலாம்.